பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போறீங்களா? துரு எங்கே ஒளிஞ்சிருக்கும், சீட் உங்களுக்குப் பொருந்துமா? வேலூர்–ஆம்பூர் பக்கம் கவனிக்க வேண்டியவை

வேலூரில் இருந்து கிழக்கே சென்னை சுமார் 140 கி.மீ., மேற்கே பெங்களூரு சுமார் 210 கி.மீ. செகண்ட் ஹேண்ட் சொகுசு கார்கள் அதிகம் கைமாறும் இரண்டு நகரங்களும் காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன. அதனால் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்பது எட்டாத கனவு இல்லை. பத்து வருடம் ஓடிய ஆடி டிடி, பி.எம்.டபிள்யூ இசட்4, மினி கூப்பர் எஸ் போன்றவை ஷோரூமில் புதிதாக எடுக்கும் ஒரு பெரிய எஸ்யூவி விலைக்கே கிடைத்துவிடுகின்றன.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. பளபளன்னு பாலிஷ் போட்டு, புது டயர் மாட்டி, எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கேட்க வைத்துவிட்டால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். கீழே குனிந்து யாரும் பார்ப்பதில்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டியும் பார்ப்பதில்லை. வாங்கிய பிறகு இரண்டு விஷயம் தெரிய வரும். ஒன்று, காருக்கு அடியில் துரு. இன்னொன்று, அந்த சீட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை.

இந்த இரண்டையும் வாங்குவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது? தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் துரு விஷயத்தில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

துருவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

எஞ்சின் போனால் மாற்றலாம். கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யலாம். பெயின்ட் போனால் திரும்ப அடிக்கலாம். ஆனால் பாடியின் முக்கியமான இடத்தில் துரு உள்ளே தின்றுவிட்டால் அதைச் சரிசெய்வது சாதாரண வேலை இல்லை.

காரணம், இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு லாரி போல தனி சேசிஸ் கிடையாது. பாடியேதான் சேசிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதி (நம்ம ஊர் பட்டறைகளில் 'ரன்னிங் போர்டு' என்பார்கள்), தரைத் தகடு, சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடங்கள் எல்லாம் சேர்ந்துதான் காரின் எடையைத் தாங்குகின்றன. விபத்து நடந்தால் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வதும் அவைதான். அங்கே தகடு மெலிந்து போயிருந்தால், ஏர்பேக் ஆறு இருந்தாலும் பிரயோஜனம் குறைவு.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்னும் இரண்டு சிக்கல் உண்டு. முதலாவது, அது தரையை ஒட்டி ஓடும். சாலையில் இருந்து தெறிக்கும் தண்ணீரும் சேறும் ஜல்லியும் நேராக அடிப்பாகத்தில் அடிக்கும். ஸ்பீடு பிரேக்கரில் உரசி, துருவைத் தடுக்கும் பூச்சு பெயர்ந்துவிடும். இரண்டாவது, மேற்கூரையைத் திறக்கும் மாடல்களில் தண்ணீர் வெளியேற சின்னச் சின்ன குழாய்கள் இருக்கும். இலை, தூசி அடைத்துக்கொண்டால் மழைத் தண்ணீர் காருக்குள்ளேயே தேங்கும். மேட்டுக்கு அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

உப்புக்கும் துருவுக்கும் என்ன சம்பந்தம்?

இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். உப்பு இதில் என்ன செய்கிறது என்றால், தண்ணீரை மின்சாரம் நன்றாகக் கடத்தும் திரவமாக மாற்றிவிடுகிறது. துருப்பிடிப்பது என்பதே இரும்பின் மேல் நடக்கும் சின்ன மின்வேதி வினை. கடத்தும் திறன் கூடினால் வினையும் வேகமாகும். உப்பில் இருக்கும் குளோரைடு இன்னொரு வேலையும் செய்கிறது. உலோகத்தின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தை உடைத்து, ஊசி முனை அளவு குழிகளைப் போடும். மேலே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும்.

உப்புக்கு ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு. உப்பு படிந்த தகடு, பக்கத்துத் தகட்டை விட நீண்ட நேரம் ஈரமாகவே இருக்கும். கடற்கரையோரம் நிற்கும் கார்கள் சீக்கிரம் துருப்பிடிப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே திருவான்மியூர், நீலாங்கரை என்று சென்னையின் கடலோரப் பகுதியில் நின்ற கார் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

வேலூர்–ஆம்பூர் பக்கம் என்ன தனிக் கவனம்?

இங்கே கடல் இல்லை. ஆனால் உப்பு இருக்கிறது.

மாட்டுத் தோல், ஆட்டுத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. தோலின் எடையில் 30 முதல் 40 சதவீதம் வரை உப்பு பயன்படும். டேனரியில் முதல் வேலையே அந்தத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவதுதான். பிறகு பிக்ளிங் கட்டத்திலும் உப்பு சேர்க்கிறார்கள். பல பத்தாண்டுகள் இந்தத் தண்ணீர் நிலத்திலும் பாலாற்றிலும் போய்ச் சேர்ந்ததன் விளைவை இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். 'மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும்' என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு நிலைநிறுத்தியது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற ஆய்வு விவரமும் அதில் இடம்பெற்றது. பாலாறு மாசு தொடர்பாக 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவுகளைப் பிறப்பித்தது.

இதற்கும் காருக்கும் என்ன தொடர்பு? நம்ம ஊரில் கார் கழுவுவது போர் தண்ணியில். வீட்டு வாசலிலும் சரி, வாட்டர் சர்வீஸ் கடையிலும் சரி. அந்த போரில் உப்பு அதிகம் என்றால், சுத்தம் செய்வதாக நினைத்து வாரா வாரம் காருக்கு உப்புத் தண்ணி ஊற்றுகிறோம் என்று அர்த்தம். மேல் பாடியைத் துணியால் துடைத்துவிடுவோம். அடிப்பாகத்தை யார் துடைக்கிறார்கள்? அங்கே தண்ணீர் காயும், உப்பு மட்டும் தங்கும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கும் வீடுகளில் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். கார் வழக்கமாகக் கழுவப்படும் தண்ணீரில் அதை முக்கிப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. உங்கள் மீட்டர் 2,000-ஐத் தாண்டிக் காட்டினால், அந்தக் காரின் அடிப்பாகத்தை லிஃப்டில் ஏற்றாமல் விலை பேசாதீர்கள்.

இன்னொரு விஷயம் வயரிங். தோலில் இருந்து முடியை நீக்க சோடியம் சல்ஃபைடு பயன்படுகிறது. கழிவுநீர்க் கால்வாய்ப் பக்கம் அழுகிய முட்டை வாடை வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. செம்பு, வெள்ளி போன்றவற்றைக் கருக்க வைக்கும் வாயு அது. இப்படிப்பட்ட இடத்தில் வருடக்கணக்கில் நின்ற கார் என்றால் ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து கனெக்டர்கள் கறுத்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. இந்தக் கார்களில் எலெக்ட்ரிகல் கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்கும் செலவு, பொருளின் விலையை விட அதிகமாகப் போகும்.

எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் இரும்பா?

இல்லை. எந்தக் கார், எதனால் செய்தது என்று தெரியாமல் காந்தத்தை எடுத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவோம்.

- ஆடி டிடி (இரண்டாம் தலைமுறை): பாடியில் சுமார் 69 சதவீதம் அலுமினியம், மீதி எஃகு. எஃகு பெரும்பாலும் பின்பக்கம். முன்பக்கம் காந்தம் ஒட்டவில்லை என்றால் பட்டி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம் இல்லை.
- ஃபோர்டு மஸ்டாங் (2016-ல் இந்தியாவுக்கு வந்த மாடல்): பானட்டும் முன் ஃபெண்டர்களும் அலுமினியம். அலுமினியம் சிவப்பாகத் துருப்பிடிக்காது. ஆனால் அரிக்கும். பானட்டின் முன் ஓரத்தில் பெயின்ட் கொப்புளமாக எழும்பி, உடைத்தால் வெள்ளைப் பொடி வரும்.
- போர்ஷே 911: 1970-களின் நடுவில் இருந்தே துத்தநாகப் பூச்சு கொடுத்த எஃகு பாடி. துருவுக்கு நன்றாகத் தாங்கும். ஆனால் விபத்தில் அடிபட்டு டிங்கரிங் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பூச்சு போயிருக்கும்.
- சான் ஸ்டார்ம்: பெங்களூரைச் சேர்ந்த சான் நிறுவனத்தின் இரண்டு சீட்டர். பாடி ஃபைபர் கிளாஸ். பாடி துருப்பிடிக்காது, சரி. அதற்கு அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் பிடிக்கும். பார்ப்பதற்குப் புதுசு போல இருந்தாலும் சட்டத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.
- ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் 1960-களில் சென்னையில் தயாரான இந்தக் காரைத் தேடி வாங்கும் பழைய கார் பிரியர்கள் உண்டு. பிரிட்டனின் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் ஹெரால்டின் அமைப்பில் இருந்து உருவானதுதான். தனி சேசிஸ் கொண்டது. பக்கவாட்டில் நீளும் சட்டங்களில்தான் முதலில் துரு பிடிக்கும்.

எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு வேகமாகும். அதைத் தடுக்க கம்பெனியில் நடுவே பசை, பூச்சு எல்லாம் கொடுத்திருப்பார்கள். பட்டறையில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருந்தால் அந்த ஸ்க்ரூவைச் சுற்றித்தான் அரிப்பு ஆரம்பிக்கும்.

பார்க்கப் போகும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

முதல் விதி: பகலில் போங்கள். மழையிலோ, கழுவிய ஈரத்திலோ பார்க்காதீர்கள். ஈரமான பெயின்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

எடுத்துப் போக வேண்டியவை: நல்ல டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், பழைய லுங்கி அல்லது பாய் (கீழே படுத்துப் பார்க்க), முடிந்தால் பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர். கம்பெனி பெயின்ட் என்றால் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்க வாய்ப்பு. 500, 1,000 என்று காட்டினால் உள்ளே பட்டி இருக்கிறது. ஒரு இடத்து எண்ணைப் பார்ப்பதை விட, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

பிறகு இந்த வரிசையில் பாருங்கள்:

1. சக்கர வளைவுகள். டயருக்கு மேலே உள்பக்கமாக மடிந்திருக்கும் விளிம்பை விரலால் தடவுங்கள். சொரசொரப்பு, கொப்புளம் இருந்தால் கவனம்.
2. ரன்னிங் போர்டு. கதவைத் திறந்து கீழ்ப்பகுதியை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி சத்தம் வர வேண்டும். நடுவில் 'பொத்' என்று வந்தால் அங்கே பட்டி.
3. ஜாக்கி வைக்கும் இடம். நசுங்கி, பூச்சு போய் துரு முதலில் ஆரம்பிக்கும் இடங்களில் ஒன்று.
4. டிக்கி. மேட்டைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பாருங்கள். தண்ணீர் நின்ற கறை இருக்கிறதா?
5. பேட்டரி தட்டு. பேட்டரி ஆசிட் வழிந்திருந்தால் கீழே தகடு பொரிந்துபோயிருக்கும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பேட்டரி டிக்கியில் இருக்கும்.
6. முன் கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதி. வைப்பருக்கு அடியில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மாற்றிய கார் என்றால் சுற்றியிருக்கும் ரப்பருக்கு அடியிலும் பாருங்கள்.
7. திறக்கும் கூரை. கூரை மடங்கும் மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றினால் பின் சக்கரத்துப் பக்கம் கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் தண்ணீர் உள்ளேதான் போகிறது. ஓனரிடம் கேட்டுவிட்டே இதைச் செய்யுங்கள்.
8. அடிப்பாகம். லிஃப்ட் இருக்கும் பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் கை மாட்டும் இடங்கள், சப்ஃபிரேம், பிரேக் ஆயில் போகும் இரும்புக் குழாய்கள் மூன்றும் முக்கியம்.

அடிப்பாகம் முழுக்க புதுசா கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். விற்பதற்கு முந்தின வாரம் அடித்த கோட்டிங் எதையோ மறைக்கத்தான் என்று வைத்துக்கொண்டே பாருங்கள். துருவைச் சுத்தம் செய்யாமல் மேலே தார் போல அடித்தால், ஈரம் உள்ளே சிக்கி துரு இன்னும் வேகமாகும். 'எப்போ அடிச்சீங்க, எங்கே அடிச்சீங்க, பில் இருக்கா' என்று கேளுங்கள்.

லிஃப்டில் ஏற்ற ஓனர் சம்மதிக்கவில்லை என்றால், அதுவே பதில். கிளம்பிவிடலாம்.

எந்தத் துரு பரவாயில்லை, எந்தத் துரு ஆபத்து?

துரு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஓடிவிட வேண்டியதில்லை. மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்.

மேல் துரு: எக்ஸாஸ்ட் குழாய், போல்ட் தலை, பிரேக் டிஸ்க் விளிம்பு போன்றவற்றில் பழுப்பு நிறப் படலம். தேய்த்தால் உள்ளே உலோகம் திடமாக இருக்கும். பத்து வருடக் காரில் இது சகஜம்.

செதில் துரு: அடுக்கு அடுக்காகப் பெயர்ந்து வரும். தகடு மெலிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஃபெண்டர், கதவு போன்ற கழற்றி மாற்றக்கூடிய பாகத்தில் என்றால் அந்தச் செலவைக் கணக்குப் பண்ணி விலையைக் குறைக்கலாம்.

ஓட்டைத் துரு: அழுத்தினால் உள்ளே போகும். சஸ்பென்ஷன் மாட்டும் இடம், ரன்னிங் போர்டு, சீட் பெல்ட் போல்ட் மாட்டியிருக்கும் இடம், சப்ஃபிரேம் இவற்றில் இது இருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். 200 கி.மீ. வேகம் போகும் என்று விளம்பரம் செய்த கார் அது. அந்த வேகத்துக்குப் போகாவிட்டாலும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் சாதாரணமாகப் போகும் வேகத்திலேயே சஸ்பென்ஷன் கை கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரேக் குழாய் துரு தனி விஷயம். மாற்றுவது பெரிய வேலை இல்லை. ஆனால் மாற்றாமல் வீட்டுக்கு ஓட்டி வரக் கூடாது.

வெள்ளத்தில் மாட்டிய காரா?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. 2021 நவம்பரில் பாலாற்றிலேயே பெரும் வெள்ளம் வந்ததை இந்தப் பகுதியில் எல்லோரும் பார்த்தார்கள். மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடுவதில்லை.

சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை வெளியே இழுங்கள். சேற்றுக் கோடு தெரிகிறதா? சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, அதன் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் இரும்புப் பிடிகளில் துரு இருந்தால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. ஏ.சி.யைப் போட்டதும் பூஞ்சை வாடை வந்தாலும், உள்ளே சென்ட் பாட்டில் அளவுக்கு மீறி மணத்தாலும் சந்தேகப்படுங்கள்.

இன்சூரன்ஸ் காகிதமும் பேசும். க்ளெய்ம் எதுவும் வாங்காத ஓனருக்கு 'நோ க்ளெய்ம் போனஸ்' வருடா வருடம் ஏறி 50 சதவீதம் வரை போகும். பாலிசியில் அது பூஜ்ஜியமாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஒரு சின்ன ஃபெண்டர் க்ளெய்மாகவும் இருக்கலாம், முழுகிய க்ளெய்மாகவும் இருக்கலாம். இந்த போனஸ் ஓனருக்கு உரியது, காருக்கு இல்லை. கார் வாங்கும் உங்களுக்கு அது மாறி வராது.

சீட் உங்களுக்குப் பொருந்துமா?

ஸ்போர்ட்ஸ் கார் சட்டை மாதிரி. ஒருத்தருக்குச் சரியாக இருப்பது இன்னொருத்தருக்கு இருக்காது. குடும்பக் காரில் சீட்டை உயர்த்தி, தாழ்த்தி எப்படியாவது சமாளிக்கலாம். இதில் இடமே குறைவு. உடம்புக்குப் பொருந்தாத கார் முதுகுவலி மட்டும் தராது. அவசரத்தில் பிரேக்கை முழுசா மிதிக்க முடியாமல் போகும்.

உட்கார்ந்து இந்த வரிசையில் சரிபாருங்கள்:

- கால்: இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் ஒட்டி உட்காருங்கள். பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்க வேண்டும். கிளட்ச் உள்ள காரில் இடது காலுக்கும் இதே சோதனை.
- கை: தோள் சீட்டில் ஒட்டியிருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும்.
- நெஞ்சு: ஸ்டீயரிங் நடுவுக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது 25 செ.மீ. இருக்க வேண்டும். ஏர்பேக் விரிய அந்த இடைவெளி தேவை. உயரம் குறைந்தவர்களுக்குக் காலும் எட்டி, இந்த இடைவெளியும் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி.
- தலை: தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை முஷ்டி நுழைய வேண்டும். கூரையைத் திறந்து வைத்தே காட்டினால், மூடச் சொல்லிப் பாருங்கள்.
- பார்வை: சிக்னலில் நிற்கும்போது விளக்கு தெரிகிறதா? பின்பக்கத் தூண் எவ்வளவு மறைக்கிறது? ஆம்பூர் பஜாரில் பைக்குகள் இரண்டு பக்கமும் நெருக்கும்போது அந்த மறைவில்தான் ஆள் இருப்பார்.
- பெடல் இடைவெளி: பல ஸ்போர்ட்ஸ் கார்களில் பெடல்கள் நெருக்கமாக இருக்கும், சிலவற்றில் ஒரு பக்கமாகத் தள்ளியும் இருக்கும். ஷூ செய்யும் ஊரில் இதைச் சொல்வது சுலபம்: நீங்கள் தினமும் போடும் ஷூவோடு போங்கள். அகலமான சோல் உள்ள சேஃப்டி ஷூவில் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே நேரத்தில் மிதிபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டுவதற்கு சோல் மெலிந்த, குதிகால் கழலாத ஷூதான் நல்லது. செருப்போடு வேண்டவே வேண்டாம்.
- ஏறி இறங்குவது: பத்து தடவை ஏறி இறங்குங்கள். வேட்டி, லுங்கி, புடவை கட்டுபவர்கள் அதோடு ஏறிப் பாருங்கள். வீட்டில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ முட்டி வலி என்றால் அவர்களையும் கூட்டிப் போய் உட்கார வையுங்கள். வாங்கிய பிறகு 'நான் அதுல ஏறவே மாட்டேன்பா' என்று சொன்னால் வருத்தம்தான் மிஞ்சும்.

ஐந்து நிமிட டெஸ்ட் டிரைவ் போதாது. குறைந்தது 40 நிமிடம் கேளுங்கள். முதல் இருபது நிமிடம் உற்சாகத்தில் போய்விடும். அதற்குப் பிறகுதான் கீழ் முதுகு, வலது முழங்கால், கழுத்து மூன்றும் உண்மையைச் சொல்லும். உங்கள் தெருவுக்கே ஓட்டி வர அனுமதி கிடைத்தால் ரொம்ப நல்லது. வீட்டு வாசல் சரிவில் முன் பம்பர் இடிக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

லெதர் சீட்: நம்ம ஊர் கைகளுக்குத் தெரிந்த விஷயம்

இந்த ஒரு விஷயத்தில் வேலூர், ஆம்பூர்க்காரர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களை விட ஒரு படி சாதகம். தோலைத் தடவிப் பார்த்தே இது ஒரிஜினலா, ரெக்ஸினா, மேலே கலர் அடித்ததா என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது தெருவில் இருப்பார். அவரைக் கூட்டிப் போங்கள்.

டிரைவர் சீட்டின் வலது ஓர மெத்தையைப் பாருங்கள். ஏறி இறங்கும்போது அதன் மேல் உரசித்தான் உட்கார வேண்டும். மீட்டரில் 25,000 கி.மீ. காட்டி, அந்த ஓரம் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தால் மீட்டரைச் சந்தேகிக்கலாம். ஸ்டீயரிங் தோலும் பெடல் ரப்பரும் அதே கதையைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

சீட்டுக்குப் புதுசா தோல் மாற்றியிருந்தால் ஒரு முக்கியமான கேள்வி கேட்க வேண்டும். பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டுக்குள்ளேயே இருக்கும். அது விரியும்போது கிழிந்து வழிவிட, அந்த இடத்துத் தையலுக்கென்று தனி நூலும் தனித் தையல் முறையும் உண்டு. ஷூவுக்குப் போடும் உறுதியான நைலான் நூலால் அங்கே தைத்துவிட்டால் ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது ஆபத்துதான். மேலே மாட்டும் சீட் கவருக்கும் இதே விதி.

காகிதத்தில் என்ன பார்க்க வேண்டும்?

2020 டிசம்பரில் மும்பை குற்றப்பிரிவு போலீஸார், டிசி அவந்தி என்ற இந்தியத் தயாரிப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பறிமுதல் செய்தனர். அதில் இருந்தது தமிழ்நாடு பதிவெண். ஒரே எஞ்சின், சேசிஸ் எண்ணில் வேறொரு மாநிலத்திலும் கார் பதிவாகியிருப்பதாக அப்போது போலீஸ் தரப்பில் குற்றம்சாட்டப்பட்டது. காரின் அழகு வேறு, அதன் எண்கள் வேறு என்பதற்கு அந்த வழக்கு உதாரணம்.

எனவே சேசிஸ் எண்ணை ஆர்.சி.யில் மட்டும் பார்க்காமல், காரில் பொறித்திருக்கும் இடத்தில் நேரில் பாருங்கள். துரு இங்கேயும் வேலை காட்டும். எண் பொறித்த இடம் அரித்து எழுத்து தெரியவில்லை என்றாலோ, சுற்றி வெல்டிங், அரம் போட்ட தடம் இருந்தாலோ பெயர் மாற்றும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சிக்கல் வரும். பிறகு எம்பரிவாகன் ஆப்பில் பதிவெண்ணைப் போட்டு விவரங்களை ஒப்பிடுங்கள்.

- பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 தேவை.
- கடன் இருந்த கார் என்றால் வங்கியின் ஒப்புதலோடு படிவம் 35 வேண்டும்.
- பெங்களூரில் வாங்கும் கர்நாடகப் பதிவு கார் என்றால் படிவம் 28, அதாவது தடையின்மைச் சான்று தேவை. அதைத் தமிழ்நாட்டில் ஓட்ட இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். விலை பேசும்போதே இந்தத் தொகையை வேலூர் (டி.என். 23), ராணிப்பேட்டை (டி.என். 73), வாணியம்பாடி (டி.என். 83) என உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கார் விலை குறைவு என்று போய், வரியில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.
- பதிவான நாளில் இருந்து 15 வருடம் முடிந்ததா என்று பாருங்கள். முடிந்திருந்தால் தகுதிச் சோதனை செய்துதான் ஆர்.சி.யைப் புதுப்பிக்க முடியும். துருப்பிடித்த காருக்கு அது கஷ்டம்.
- இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

உதிரி பாகம் கிடைக்குமா என்பதும் காகிதத்துக்குச் சமமான கேள்வி. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தும் முடிவை அறிவித்தது. பிராண்ட் இருக்கிறதா, பக்கத்தில் சர்வீஸ் எங்கே என்பதைத் தெரிந்துகொண்டே மாடலைத் தேர்வு செய்யுங்கள். இந்த மாதிரி கார்களுக்கு பெரும்பாலும் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டியிருக்கும்.

வாங்கிய பிறகு?

கழுவும் தண்ணீரை முதலில் மாற்றுங்கள். போர் தண்ணி உப்பாக இருந்தால், கடைசி அலசலையாவது மழைநீர் சேமித்த தொட்டித் தண்ணீரில் செய்யுங்கள். முக்கியமாக அடிப்பாகத்துக்கு. கழுவியவுடன் கவர் போட்டு மூடாதீர்கள், பத்து கி.மீ. ஓட்டிக் காய விடுங்கள். தண்ணீர் வெளியேறும் துளைகளை மழைக்காலத்துக்கு முன்பு, செப்டம்பரிலேயே சுத்தம் செய்துவிடுங்கள். ஜல்லி தெறித்து பெயின்ட் போன இடத்தை அன்றைக்கே டச்-அப் செய்யுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை லிஃப்டில் ஏற்றி போட்டோ எடுத்து வைத்தால், போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் துரு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடலாம். பின்னால் நீங்கள் விற்கும்போதும் அந்த போட்டோக்கள் விலையைக் காப்பாற்றும்.

சுருக்கமாக, எப்போது வேண்டாம் என்று சொல்லலாம்?

- லிஃப்டில் ஏற்ற ஓனர் மறுத்தால்.
- எடை தாங்கும் இடத்தில் ஓட்டைத் துரு இருந்தால்.
- சீட் பெல்ட்டில் சேற்றுக் கோடு இருந்தால்.
- பிரேக்கை முழுசா மிதிக்கும்போது முழங்கால் நேராகிவிட்டாலோ, நெஞ்சு ஸ்டீயரிங்கை ஒட்டிவிட்டாலோ.
- சேசிஸ் எண் சரியாகத் தெரியாவிட்டால்.

இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். 'இன்னைக்கு விட்டா நாளைக்கு வேற பார்ட்டி எடுத்துடுவாங்க சார்' என்று சொல்வார்கள். எடுக்கட்டும். சென்னையிலும் பெங்களூரிலும் அடுத்த வாரமே இன்னொரு கார் விற்பனைக்கு வரும்.